செங்கல்பட்டு ஊர்க்கணக்கும் சிறு இணையச் செயலிகளின் தரவுச் சேமிப்பும்

தரவுச் சேமிப்பு என்பது ஒரு செய்தியைப் பிற்காலத்தில் தேடி எடுத்துப் பயன்படுத்தும் வகையில் பதிந்து வைப்பதாகும். பள்ளி நூலகப் பட்டியல், சுய உதவிக் குழுவின் வரவு செலவு, ஊர் ஏரிகளின் விவரம் போன்றவற்றைக் கையாளும் சிறு இணையச் செயலிகளை உருவாக்குவோர் முதலில் சந்திக்கும் கேள்வி, தரவை எதில், எப்படி வைப்பது என்பதாகும். இக்கேள்வி கணினிக்கு முன்பே எழுந்தது. செங்கல்பட்டிலும் மாமல்லபுரக் கடற்கரையிலும் கல், செம்பு, ஓலை, காகிதம், கணினி என ஒவ்வொரு காலத்திலும் அதற்கு ஒரு விடை கிடைத்துள்ளது. யார் எழுதுவர், யார் படிப்பர், மூலம் அழிந்தால் மறுபடி எங்கிருந்து எடுப்பது என்ற மூன்றும் அந்த விடைகளைத் தீர்மானித்தன. இன்றைய சிறு செயலிக்கும் இவை பொருந்தும்.

கல், செம்பு, ஓலை

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டம் என்னும் பல்லவர் குடைவரை உள்ளது. அதன் ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்த எழுத்திலும், எதிர்ச் சுவரில் நாகரி எழுத்திலும் ஏறத்தாழ ஒரே சமற்கிருத வாசகம் வெட்டப்பட்டுள்ளது. உள்ளூர் எழுத்தைப் படிப்பவருக்கு ஒன்று, வட நாட்டு எழுத்தைப் படிப்பவருக்கு மற்றொன்று என இதைக் கொள்ளலாம். செய்தி ஒன்று, குறியாக்கம் இரண்டு என்று கணினித் துறையினர் இதைச் சொல்வர்.

கல்லில் எழுதியது எளிதில் அழியாது. 2004 திசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துச் சென்றபோது கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து இந்தியத் தொல்லியல் துறை 2005இல் மேற்கொண்ட அகழாய்வில் பழைய முருகன் கோயிலொன்று கண்டறியப்பட்டது. பல நூற்றாண்டுகள் மணலுக்கடியில் கிடந்தும் எழுத்துகள் படிக்கும் நிலையில் இருந்தன.

ஆனால் கல்லில் எழுதியதைத் திருத்துவது கடினம். எடுத்துச் செல்லவும் இயலாது. ஆண்டுதோறும் மாறும் விளைச்சல் கணக்கையும் வரிக்கணக்கையும் கல்லில் வைக்க முடியாது. ஆகவே மாறாத தானங்களும் ஊர்ச் சபை விதிகளும் கல்லிலும் செப்பேட்டிலும் இடம்பெற்றன. அன்றாடக் கணக்கு ஓலையில் இருந்தது. சோழர் ஆட்சியில் அரசன் வாய்மொழியாக இட்ட ஆணை முதலில் ஓலையில் எழுதப்பட்டு, அலுவலர் பலரால் சரிபார்க்கப்பட்டு, வரிப்பொத்தகத்தில் பதியப்பட்ட பின்னரே நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகே அது கல்லிலும் செம்பிலும் வெட்டப்பட்டது.

முன்னர்ச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தல் விதிகளைக் கூறுகின்றன. வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்வு பெற இயலாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. கணக்கைக் காட்டுவது அக்காலத்திலேயே பொறுப்புக்கு அடையாளமாக இருந்தது.

பர்னார்டு அளவாய்வு (1767–1774)

ஆற்காட்டு நவாபு முகமது அலி 1763இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். தன் கைக்கு வந்த நிலப்பரப்பில் எத்தனை ஊர்கள், எவ்வளவு நிலம், எவ்வளவு விளைச்சல், யாருக்கு என்ன பங்கு என்பதைக் கம்பெனி அறிய விரும்பியது. பொறியாளர் தாமஸ் பர்னார்டு இப்பணியை 1767 முதல் 1774 வரை மேற்கொண்டார். ஏறத்தாழ 2000 ஊர்கள் இதில் அடங்கின. வீடுகள் தொழில்வாரியாகவும் சாதிவாரியாகவும் எண்ணப்பட்டன. நன்செய், புன்செய், தோப்பு, ஏரி ஆகியவையும், களத்துமேட்டில் நெல்லை அளக்கும்போது ஊர்ப் பணியாளர்களுக்கும் கோயில்களுக்கும் ஒதுக்கப்பட்ட பங்குகளும், மானிய நிலங்களும் பதிவாயின.

இவ்விவரங்கள் இரு வடிவில் எஞ்சியுள்ளன. கம்பெனிக்காக ஆங்கிலத்தில் தொகுக்கப்பட்ட சுருக்கப் பதிவுகள் சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தமிழில் எழுதப்பட்ட ஓலைச்சுவடிக் கணக்குகள் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆங்கிலப் பதிவுகளின் சிறப்பை வரலாற்று ஆய்வாளர் தரம்பால் எடுத்துக்காட்டினார். பின்னர் சென்னையைச் சேர்ந்த கொள்கை ஆய்வு மையத்தின் ஜே. கே. பஜாஜ், எம். டி. சீனிவாஸ் ஆகியோர் இரு வடிவங்களையும் விரிவாக ஆராய்ந்தனர்.

ஆங்கிலப் பதிவைவிட ஓலைக் கணக்கு விரிவானது. வரி எவ்வளவு என்று அறிய விரும்பிய அதிகாரிக்குச் சுருக்கம் போதுமானதாக இருந்தது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அந்த ஊர்களின் வாழ்க்கையை அறிய விரும்பியவருக்கு ஓலையில் இருந்த நுண்விவரங்கள் தேவைப்பட்டன. கூட்டுத்தொகையை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் பதிவை நீக்கிவிட்டால், பின்னாளில் எழும் புதிய கேள்விக்கு விடை கிடைக்காது. தரவுத்தளம் அமைப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இக்கணக்குகள் வெறும் எண்களாக இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிராசு உரிமை, அதாவது ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு யாருக்கு உண்டு என்பது, பெரும் விவாதமாயிற்று. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் ஆட்சியராக இருந்த லயோனல் பிளேசும், சென்னை ஆட்சியராக இருந்த பிரான்சிஸ் ஒயிட் எல்லிசும் இது குறித்து விரிவாக எழுதினர். பதிவில் பெயர் உள்ளவர் உரிமை கோரினார். பெயர் விடுபட்டவர், குறிப்பாக நிலத்தில் உழைத்தும் நிலம் பெறாத மக்கள், கோர வழியின்றி நின்றனர். எதைப் பதிவது, எதை விடுவது என்று முடிவு செய்பவர் பிறர் வாழ்வையும் முடிவு செய்கிறார் என்பதற்கு இது சான்றாகும்.

கணக்குப்பிள்ளையிடமிருந்து கணினிக்கு

ஊர்க்கணக்கைப் பரம்பரையாக வைத்திருந்தவர் கணக்குப்பிள்ளை அல்லது கர்ணம் எனப்பட்டார். ஏடு அவர் வீட்டில் இருந்தது. அதைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவரும் பெரும்பாலும் அவரே. தமிழ்நாட்டரசு 1980 நவம்பரில் பரம்பரை ஊர் அலுவலர் பதவிகளை ஒழித்தது. அவற்றின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் பதவி ஏற்பட்டது. பின்னர் நிலப் பதிவேடுகள் 'தமிழ் நிலம்' என்னும் மென்பொருளில் ஏற்றப்பட்டன. இன்று பட்டா, சிட்டா விவரங்களை இணையத்தில் பார்க்க முடிகிறது.

கணினித் தரவுத்தளங்களுக்கு அடிப்படையான கருத்தை ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் வெளியிட்டார். தரவை அட்டவணைகளாகப் பிரித்து, அவற்றைப் பொதுவான எண்ணால் தொடர்புபடுத்தலாம் என்பது அக்கருத்து. அதே நிறுவனத்தில் டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்சு ஆகியோர் 1974இல் இதற்கென ஒரு வினவு மொழியை வெளியிட்டனர். அதுவே இன்று எஸ்.கியூ.எல். எனப்படுகிறது.

1990களில் இணையம் பரவியபோது சிறு தளங்கள் தரவைச் சாதாரண உரைக்கோப்புகளில் வைத்தன. ஒரே நேரத்தில் இருவர் எழுதினால் ஒருவர் எழுதியது அழிந்துவிடும் என்பது இம்முறையின் குறை. இதற்குத் தீர்வாக வந்த தரவுத்தளங்களுள் மூன்று இன்றும் சிறு செயலிகளில் பரவலாக உள்ளன.

மைஎஸ்கியூஎல் 1995இல் சுவீடனில் தோன்றியது. குறைந்த கட்டணத்தில் இடம் தரும் வழங்கி நிறுவனங்கள் பலவும் இதைத் தருகின்றன. மைக்கேல் விதேனியஸ் இதை உருவாக்கியவர்களுள் ஒருவர். இதிலிருந்து 2009இல் கிளைத்த மரியாடிபியின் உருவாக்கத்துக்கும் அவரே தலைமை ஏற்றார்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் தொடங்கிய திட்டத்தின் வழிவந்தது. 1996இல் இப்பெயர் பெற்றது. பலர் ஒரே நேரத்தில் எழுதும் செயலிக்கும் சிக்கலான வினவல்களுக்கும் ஏற்றது.

எஸ்கியூலைட்டை ரிச்சர்டு ஹிப் 2000இல் உருவாக்கினார். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் அவர் பணியாற்றியபோது, தரவுத்தள வழங்கி நின்றுவிட்டால் தம் நிரலும் நின்றுவிடுவதைக் கண்டார். தனி வழங்கி தேவைப்படாத தரவுத்தளத்துக்கு அதுவே தூண்டுதலாயிற்று. இதில் முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் அடங்கும். கைப்பேசிகளிலும் இணைய உலாவிகளிலும் இது பரவலாகப் பயன்படுகிறது.

தேர்வு செய்யும் முறை

செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகள் நிறைந்தது. மதுராந்தகம் ஏரி அவற்றுள் புகழ்பெற்றது. ஒரு பள்ளியின் மாணவர் குழு தம் வட்டாரத்து ஏரிகளுக்கு ஓர் இணையப் பதிவேடு அமைக்கிறது என்று கொள்வோம். ஏரியின் பெயர், ஊர், பரப்பு, மதகுகள், ஒவ்வொரு மாதமும் அளந்த நீர்மட்டம் ஆகியவை அதில் இருக்கும்.

எழுதுவோர் சிலரே, படிப்போர் பலர், செயலி ஒரே கணினியில் ஓடுகிறது என்றால் எஸ்கியூலைட் போதும். நாளொன்றுக்கு ஓர் இலட்சத்துக்குக் குறைவான பார்வைகள் பெறும் தளத்துக்கு இது பொதுவாகப் போதுமானது என்று அதன் ஆவணங்களே கூறுகின்றன. இதில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும். 'முன்கூட்டிப் பதியும்' முறையை (வால் முறை) இயக்கி வைத்தால், ஒருவர் எழுதும்போதும் பிறர் தடையின்றிப் படிக்கலாம். பல ஊர்களிலிருந்து பலர் ஒரே நேரத்தில் எழுதுவர், செயலி ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளில் ஓடும் என்றால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் அல்லது மைஎஸ்கியூஎல் பொருத்தமானது. அப்போது அதன் புதுப்பித்தல்களையும் கடவுச்சொற்களையும் கவனிக்க ஒருவர் தேவை. அந்த ஒருவர் யார் என்று முன்பே முடிவு செய்யாமல் பெரிய தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுப்பது பின்னால் தொல்லை தரும்.

சில மேகக்கணினிச் சேவைகளில் செயலியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் வட்டிலுள்ள கோப்புகள் நீங்கிவிடும். அத்தகைய இடத்தில் எஸ்கியூலைட் கோப்பை வைத்தால் தரவு முழுவதும் போய்விடும். நிலைத்த வட்டு உண்டா என்பதை முதல் நாளிலேயே உறுதி செய்ய வேண்டும். மேலும், தரவுத்தளக் கோப்பு பொதுமக்கள் உலாவியில் திறக்கக்கூடிய கோப்புறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

அட்டவணை அமைத்தல்

ஏரிப் பதிவேட்டில் ஒவ்வோர் ஏரியின் வரிசையிலும் மாவட்டப் பெயரை எழுத்தாகப் பதிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இம்மாவட்டமே எடுத்துக்காட்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997 சூலை 1 அன்று காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு மீண்டும் மாவட்டமாயிற்று. மதுராந்தகம் ஏரி இடம் மாறவில்லை. அதன் மாவட்டப் பெயர் மட்டும் இருமுறை மாறியது. மாவட்டங்களுக்கும் ஊர்களுக்கும் தனித்தனி அட்டவணை வைத்து, ஏரி அட்டவணையில் ஊரின் எண்ணையும் ஊர் அட்டவணையில் மாவட்டத்தின் எண்ணையும் மட்டும் பதிந்தால், இத்தகைய மாற்றத்தின்போது ஊர் அட்டவணையில் மட்டும் திருத்தினால் போதும். எஸ்கியூலைட்டில் இத்தொடர்புகளைச் சரிபார்க்கும் வசதி இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை இணையும்போதும் அதை இயக்க வேண்டும்.

ஊர்ப் பெயர்களுக்கும் வடிவங்கள் பல. செங்கல்பட்டு, செங்கற்பட்டு, மாமல்லபுரம், மகாபலிபுரம் எனப் பயனர் எப்படித் தேடினாலும் விடை கிடைக்க, மாற்றுப் பெயர்களுக்கு ஓர் அட்டவணை உதவும்.

அளவைகளிலும் கவனம் தேவை. சென்னை, செங்கல்பட்டு வட்டாரத்தில் காணி என்பது ஏறத்தாழ 1.32 ஏக்கர் கொண்ட நில அளவு. பின்னக் கணக்கிலோ காணி என்பது 1/80. அலகைக் குறிப்பிடாத நிரல் பிற்காலத்தில் பயனற்றுப்போகும். பின்னங்களைத் தசமமாகப் பதியும்போது சிறு பிழைகளும் சேரும். 1/20 ஆகிய மாவைக் கணினியின் மிதவைப்புள்ளி எண் துல்லியமாகக் காட்டாது. பழைய கணக்கில் முந்திரி என்பது 1/320. ஒரு முழுமை 320 முந்திரி, ஒரு மா 16 முந்திரி, ஒரு காணி 4 முந்திரி என முழு எண்களாகப் பதிந்தால் கூட்டலில் பிழை வராது. பணத்தைப் பைசாவாகப் பதிவதும் இம்முறையே.

தமிழ் எழுத்தும் குறியாக்கமும்

1990களில் தமிழ்க் கோப்புகள் பல, குறிப்பிட்ட எழுத்துருவை நம்பிய தனித்தனிக் குறியாக்கங்களில் சேமிக்கப்பட்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை படிக்க இயலாத குறிகளாகத் தெரிந்தன. ஒருங்குறி இச்சிக்கலைத் தீர்த்தது. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது.

ஆயினும் எழுத்து எண்ணிக்கை மாணவரைக் குழப்புவதுண்டு. 'செங்கல்பட்டு' என்பதில் எழுத்துகள் 7. ஒருங்குறிக் குறிப்புள்ளிகள் 12. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 36 பைட்டுகள். 'மாமல்லபுரம்' என்பதில் எழுத்துகள் 7, குறிப்புள்ளிகள் 11, பைட்டுகள் 33. ஊர்ப் பெயருக்கு 10 குறிகள் போதும் என்று மைஎஸ்கியூஎல்லில் வரையறுத்தால் இவ்விரு பெயர்களுமே முழுமையாக அடங்கா. 'கொ' என்னும் எழுத்தை இரு குறிப்புள்ளிகளாகவும் மூன்றாகவும் எழுத முடியும். திரையில் வேறுபாடு தெரியாது. தேடலில் ஒன்று மற்றொன்றுடன் பொருந்தாது. ஆகவே பதியுமுன் எல்லா உரையையும் ஒரே இயல்பு வடிவுக்கு மாற்ற வேண்டும்.

ஓலைக் கணக்குகளில் முந்திரி, காணி, மா போன்ற பின்னங்களுக்குத் தனிக் குறியீடுகள் உண்டு. இத்தகைய 51 குறியீடுகள் 2019இல் வெளியான ஒருங்குறி 12.0 பதிப்பில் 'தமிழ்த் துணைத்தொகுதி'யாகச் சேர்ந்தன. இவற்றுக்கு நான்கு பைட்டுகள் தேவை. மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்னும் பழைய அமைப்பு மூன்று பைட்டுகள் வரை மட்டுமே ஏற்கும். பழைய பதிப்புகளில் இத்தகைய குறி வந்த இடத்தோடு உரை துண்டிக்கப்படுவதும் உண்டு. பதிந்தவர் அதை அறியாமலே போகலாம். யூடிஎஃப்8எம்பி4 என்னும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இச்சிக்கல் இல்லை. இது 2010இல் அறிமுகமாகி, 2018இல் வெளியான 8.0 பதிப்பில் இயல்பு அமைப்பாயிற்று. பர்னார்டு காலத்து ஓலைகளைத் தட்டச்சு செய்ய விரும்பும் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஓர் அமைப்பையே.

காப்புநகல்

ஓலைச்சுவடியைப் பூச்சி அரிக்கும், ஈரம் கெடுக்கும். ஆகவே ஏடுகள் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதப்பட்டன. கோயில்களைப் புதுப்பித்தபோது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து வைத்து, புதிய சுவரில் மீண்டும் வெட்டிய வழக்கமும் இருந்தது. மாமல்லபுரத்துப் பல்லவர் கல்வெட்டுகளை ஈ. ஹுல்ட்ஸ் 1890இல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் அச்சிட்டதால், கடற்காற்றில் கல் தேய்ந்தாலும் வாசகம் நிலைக்கும்.

2015 திசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும், இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள முடிச்சூர் போன்ற இடங்களிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. குடும்ப அட்டை, பட்டா, பள்ளிச் சான்றிதழ் முதலியவற்றைப் பலர் இழந்தனர். இழந்த ஆவணங்களின் நகல்களை வழங்க அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. மூலப் பதிவு வேறோர் இடத்தில் இருந்ததால்தான் நகல் தர இயன்றது.

சிறு செயலிக்கும் இம்முறையே ஏற்றது. நாள்தோறும் ஒரு நகல் எடுத்து, அதை வேறு கணினியிலும், முடிந்தால் வேறு ஊரிலும் வைக்க வேண்டும். எஸ்கியூலைட் கோப்பை, யாரேனும் எழுதிக்கொண்டிருக்கும்போது சாதாரணமாக நகலெடுத்தால் அந்நகல் சிதையக்கூடும். அதற்கென உள்ள காப்புநகல் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். மாதம் ஒருமுறை அட்டவணைகளை எளிய உரைக்கோப்பாகவும் எடுத்து வைப்பது நல்லது. மென்பொருள் மாறினாலும் அதைப் படிக்கலாம். எந்த நிரல் எதைக் குறிக்கிறது, அலகு என்ன என்ற குறிப்பும் அதனுடன் இருக்க வேண்டும்.

எடுத்த நகலை ஒருமுறையேனும் வேறு கணினியில் திறந்து, பதிவுகள் முழுமையாக உள்ளனவா என்று பார்ப்பது இன்றியமையாதது. பார்க்காத நகலை நம்ப முடியாது. ஏரிப் பதிவேட்டைத் தொடங்கிய மாணவர்கள் பள்ளியை விட்டுச் சென்ற பின்னும் அடுத்து வருவோர் அதைத் திறந்து படிக்க முடிந்தால், அச்சேமிப்பு சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கொள்ளலாம். செங்கல்பட்டு ஓலைகள் எழுதப்பட்டு இருநூற்றைம்பது ஆண்டுகளாகின்றன. அவற்றை இன்றும் படிக்க முடிகிறது.